ஒரே கரைக்குத் தள்ளும் காந்தம்

தங்கை மகள் கிள்ளானில் படிவம் 5 படிக்கிறாள். சனிக்கிழமையானால் கொமுட்டர் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன மாதம் வந்தபோது ஒரு கேள்வியோடு வந்தாள்.

“மாமா, கரண்ட் ஓடுற வயருக்குப் பக்கத்துல காந்தத்தை வெச்சா அது வயரையே தள்ளுதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அப்படின்னா உள்ள ஓடுற எலக்ட்ரானைத்தானே தள்ளுது? அது நேரா போக முடியாம வளைஞ்சு போனா ரிந்தாஙான் கூடணும் இல்லையா?”

மின்தடைக்கு அவள் பள்ளியில் படித்த மலாய்ச் சொல் ரிந்தாஙான். கேள்வி மிகச் சரியான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் சோதித்துப் பார்ப்போம் என்று சொன்னேன். 6பி பென்சிலால் ஒரு தாளில் விரல் அகலத்துக்குப் பட்டையாகத் தேய்த்தோம், தாள் பளபளக்கும் வரை. இரு முனையிலும் கிளிப் மாட்டி, ஜாலான் பாசாரில் வாங்கிய மல்டிமீட்டரை இணைத்ததும் சில பத்து கிலோஓம் காட்டியது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைப் பட்டைக்கு அருகே கொண்டுபோனாள். எண் ஏறியது. கைதட்டிவிட்டாள். காந்தத்தை எடுத்த பிறகும் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கிளிப்பை அவள் விரல் அழுத்திய விதம்தான் அப்படி ஆட்டிவைத்திருக்கிறது. கிளிப்பை டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுபடி பார்த்தோம். காந்தம் வந்தது, போனது, திரும்பி வந்தது. எண் அசையவே இல்லை.

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கோ சொல்ல நிறைய இருந்தது. அதே பென்சில் கரியிலிருந்து ஒரே ஒரு அடுக்கைப் பிரித்தெடுத்துச் சுத்தமாக வைத்திருந்தால், அந்தக் காந்தத்துக்கே மின்தடை இரண்டு மடங்காகியிருக்கும். பட்டையில் நடக்காதது ஓர் அடுக்கில் ஏன் நடக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், காந்தம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்த்துவிடலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் ஓடும்போது அதிரும் அணுக்களிலும் மாசுகளிலும் மோதி மோதித்தான் போகின்றன. அந்த மோதலே மின்தடை. காந்தப்புலம் எலக்ட்ரானை வேகப்படுத்தாது, பிடித்து நிறுத்தாது. அது ஓடும் திசைக்குக் குறுக்கே தள்ளும், அவ்வளவே. அதனால் பாதை வளையும்.

பாதை வளைந்தால் தடை கூடவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. 1879-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற இளைஞர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் விட்டு, காந்தத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே குறுக்காகச் சிறிய மின்னழுத்தம் ஒன்று பிறந்திருந்தது. தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் ஓர் ஓரத்தில் சேர்ந்துகொண்டதால் வந்தது அது.

இதை அவளுக்கு ஜாலான் துன் சம்பந்தனை வைத்தே விளக்கினேன். தீபாவளிக்கு முந்தைய வாரம், சாலை முழுக்க ஆட்கள். ஒரு பக்கமிருந்து சாரல் அடிக்கிறது. முதலில் நனைகிறவர்கள் மறுபக்கத்துக் கடைகளின் அஞ்சடி நடைபாதைக்கு ஒதுங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் அஞ்சடி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. உள்ளே நிற்பவர்கள் வெளியே தள்ளுவார்கள். வேறு வழியின்றி நேராக நடந்துவிடுவார்கள். சாரல் நிற்கவில்லை. ஆனாலும் ஆட்கள் முன்பு போலவே நேராகப் போகிறார்கள், போய்ச் சேர ஆகும் நேரமும் மாறவில்லை.

கம்பிக்குள் நடப்பதும் இதுவே. ஓரத்தில் சேர்ந்த எலக்ட்ரான்கள் பின்னால் வருகிறவற்றை எதிர்த்துத் தள்ளும். காந்தத்தின் தள்ளலும் ஓரத்தின் எதிர்த்தள்ளலும் சமமானதும் மற்ற எலக்ட்ரான்கள் நேர்க்கோட்டில் ஓடும். ஒரே வகை மின்னூட்டம், எல்லாம் ஒரே நடையில் ஓடுகின்றன என்றால், காந்தம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மின்தடை மாறாது என்றே கணக்கு சொல்கிறது. ஆகவே காந்தம் வைத்ததும் மின்தடை ஏறுகிறது என்றால், அந்தச் சமநிலை எங்கோ குலைந்திருக்கிறது என்று பொருள். எங்கே, எப்படிக் குலைந்தது என்று தேடவேண்டும்.

(இரும்பு, நிக்கல் போன்ற காந்த உலோகங்களின் கதை வேறு. அவற்றில் காந்தத்தால் மின்தடை சிறிது மாறுவதை 1850-களிலேயே, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் கண்டுவிட்டார். காந்த உலோகப் படலங்களை அடுக்கி மிகப் பெரிய மாற்றத்தை 1988-இல் கண்ட ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குரூன்பெர்க்கும் 2007-இல் நோபல் பெற்றார்கள். கணினியின் ஹார்ட் டிஸ்க் தலைகள் அதில் வளர்ந்தவை. அங்கே எலக்ட்ரானின் சுழற்சிதான் காரணம். கரியில் அந்த வேலை இல்லை.)

பென்சில் கரிக்குத் திரும்புவோம். அதன் பெயர் கிராஃபைட். கரி அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து ஓர் அடுக்காகும். அடுக்கின் மேல் அடுக்கு தளர்வாக உட்கார்ந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறக்குறைய 30 லட்சம் அடுக்குகள். தேய்த்தால் அடுக்கு வழுக்கிக் கழன்று தாளில் ஒட்டுகிறது. எழுதுவது என்பது அதுதான்.

இந்த அடுக்குகளுக்குள் எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று மிக முன்பே ஆராய்ந்தவர்களில் ஒரு தமிழர் உண்டு. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர் என்று மட்டுமே பெரும்பாலானவர்களுக்கு அவரைத் தெரியும். அதற்குப் பிறகு படிகங்களின் காந்தப் பண்புகளில் அவர் செய்த வேலை அதற்கு இளைத்ததில்லை என்பது என் எண்ணம். கல்கத்தாவில் இருந்தபோது, 1939-இல், கங்குலி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் கிராஃபைட் பற்றி எழுதினார். அடுக்கின் தளத்தில் மின்சாரம் சுலபமாக ஓடுகிறது. அடுக்கு விட்டு அடுக்கு குறுக்கே போகப் பெரும்பாடு படுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. 1941-இல் இருவரும் கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்களுடைய காந்தப் பண்பை விரிவாக எழுதினார்கள். கிராஃபைட்டுக்குள் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒரு தளத்துக்குள்ளேயே வாழ்கின்றன என்ற படம் அப்போதே இந்திய மண்ணில் தெளிவாகிக்கொண்டிருந்தது. கிருஷ்ணன் பின்னர் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார், 1961-இல் மறைந்தார்.

ஒற்றை அடுக்கைத் தனியாகப் பிரித்து அளந்து பார்க்க 2004 வரை ஆயிற்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, உரித்ததை மறுபடி உரித்து, ஓர் அணுத் தடிமனுக்கு வந்துசேர்ந்தார்கள். அதுவே கிராஃபீன். 2010-இல் நோபல்.

கிராஃபீனுக்குள் எலக்ட்ரான்கள் நிறையே இல்லாதவை போல ஓடுகின்றன. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் நிலைகளும் காலியான ஆற்றல் நிலைகளும் கிராஃபீனில் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. நடுவே இடைவெளி கிடையாது. கோலாலம்பூர் வெயில் வேண்டாம், குளிரூட்டிய அறையின் வெப்பமே போதும், கீழே இருக்கும் எலக்ட்ரான்கள் மேலே ஏறிக்கொள்ள. ஒன்று ஏறினால் அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தைத் துளை என்கிறார்கள்.

துளை எப்படி ஓடும்? காலை கொமுட்டரில் நீள இருக்கை முழுக்க ஆட்கள், நடுவில் ஒரே ஒரு காலியிடம். வலப்பக்கம் இருப்பவர் இடப்பக்கம் நகர்ந்து அதில் உட்கார்ந்தால் காலியிடம் வலப்பக்கம் நகர்ந்துவிடும். அடுத்தவரும் நகர்ந்தால் அது இன்னும் வலப்பக்கம் போகும். ஆட்கள் ஒரு திசை, காலியிடம் எதிர்த்திசை. எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால், அது இல்லாத இடம் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் போலவே நடந்துகொள்ளும்.

இப்போது கிராஃபீன் பட்டையில் மின்சாரம் விடுவோம். எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் துளைகள் எதிர்ப்பக்கமும் ஓடும். காந்தத்தைக் கொண்டுவந்தால் தள்ளல் எந்தப் பக்கம் என்பதை முடிவுசெய்வது இரண்டு: மின்னூட்டத்தின் குறி, ஓடும் திசை. துளைக்குக் குறியும் எதிர், திசையும் எதிர். இரண்டு எதிரும் சேர்ந்தால் மாற்றமே இல்லை. எலக்ட்ரான், துளை இரண்டையும் காந்தம் ஒரே கரைக்குத்தான் தள்ளுகிறது.

இந்த இடத்தில் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “அப்போ ரெண்டும் ஒரே பக்கம் போய் சேர்ந்தா அஞ்சடி இன்னும் சீக்கிரம் ரொம்பிடுமே மாமா?”

ஆட்களாக இருந்தால் அப்படித்தான். இங்கே சேர்வது வரவும் கடனும். ஒரே பெட்டியில் இரண்டும் சமமாக விழுந்தால் இருப்பு சுழியம். ஓரத்தில் மின்னூட்டம் சேராததால் எதிர்த்தள்ளலும் பிறக்காது. அதோடு, ஓரத்துக்கு வந்த எலக்ட்ரான் அங்கே ஒரு துளையைக் கண்டால் அதிலேயே விழுந்து அடங்கிவிடும்; இரண்டும் காணாமல் போய் இடம் மறுபடி காலி. நிரம்பாத அஞ்சடி அது. ஆகவே காந்தத்தின் தள்ளலை எதிர்க்க ஆளில்லை. முன்னே போகவேண்டிய ஓட்டம் ஓயாமல் பக்கவாட்டில் கசிந்துகொண்டே இருக்கும். மின்தடை ஏறும். ஹால் கண்ட சமநிலை குலைகிற இடம் இதுதான்.

எவ்வளவு ஏறும்? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மின்னூட்டங்கள் எவ்வளவு தடங்கலின்றி ஓடுகின்றன என்பதைக் குறிக்க நகர்திறன் என்றொரு எண் இருக்கிறது. அதைக் காந்தப்புலத்தால் பெருக்கி, வந்ததைத் தன்னாலேயே பெருக்கினால், மின்தடை எத்தனை பங்கு ஏறும் என்பது வந்துவிடும். சுத்தமான கிராஃபீனின் நகர்திறன் மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 10. புலம் 0.1 டெஸ்லா, அதாவது நல்ல காந்தம் ஒன்றை ஒட்டினாற்போல் வைத்தால் கிடைக்கும் அளவு. 10-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 1. 1-ஐ 1-ஆல் பெருக்கினாலும் 1. மின்தடை ஒரு முழுப் பங்கு ஏறுகிறது. இருந்ததைப் போல இரண்டு மடங்கு. செம்புக்கு இதே கணக்கைப் போட்டால், நகர்திறன் 0.004 அளவே என்பதால், எதிர்த்தள்ளல் அறவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் 10 கோடியில் 16 பங்குதான் ஏறும். சாதாரண மல்டிமீட்டருக்கு எட்டாத மாற்றம்.

எங்கள் பென்சில் பட்டை தோற்றதற்கும் காரணம் நகர்திறனே. கிராஃபைட்டில் எலக்ட்ரானும் துளையும் இரண்டும் இருக்கின்றன, அதனால் நல்ல கிராஃபைட் படிகத்தில் காந்தம் மின்தடையை நன்றாகவே ஏற்றும். பென்சிலில் இருப்பதோ களிமண் கலந்த கரித்தூள். துகள் விட்டுத் துகள் தாவித்தான் மின்சாரம் போகவேண்டும். வளைவதற்குள் மோதிவிடுகிற ஓட்டத்தைக் காந்தம் என்ன செய்துவிட முடியும்?

இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. முதலில் அக்கம்பக்கத்துச் செய்தி. நமக்கு ஐந்து மணி நேரப் பேருந்துத் தொலைவில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், கோபிநாதன் கலோனும் திருமலை வெங்கடேசனும் உள்ளிட்ட குழு கெய்மோடும் சேர்ந்து 2015-இல் ஒரு முடிவை வெளியிட்டது. சில அடுக்குக் கிராஃபீனைப் போரான் நைட்ரைடு என்ற படிகத்தோடு சேர்த்து அடுக்கி, 9 டெஸ்லா புலத்தில் அளந்தார்கள். கொதிக்கும் நீரைவிடச் சூடான நிலையில், 400 கெல்வினில், மின்தடை ஏறத்தாழ 2,000 சதவிகிதம் ஏறியது. அங்கே சமநிலை குலைந்த விதம் வேறு. வெவ்வேறு அடுக்குகளில் மின்னூட்டங்கள் வெவ்வேறு நடையில் ஓடுகின்றன. மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற எதிர்த்தள்ளல் விரைந்து ஓடுபவருக்குப் போதாது. அவருக்கு ஏற்றது இவருக்கு அதிகம். ஒரே எதிர்த்தள்ளலால் இருவரையும் நேர்ப்படுத்த முடியாதபோது தடை ஏறுகிறது.

எலக்ட்ரானும் துளையும் சமமாக இருக்கும் ஒற்றை அடுக்கின் கதை 2023 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் மான்செஸ்டரிலிருந்து வந்தது. அறை வெப்பநிலை, 0.1 டெஸ்லா, மின்தடை ஏற்றம் 100 சதவிகிதத்துக்கு மேல். மேலே நாம் போட்ட அதே கணக்கு, அதே வர்க்க ஏற்றம். அந்த வெப்பநிலையில் வேறெந்தப் பொருளிலும் இதன் பக்கத்தில் வரும் ஏற்றம் கிடைத்ததில்லை என்று அவர்கள் எழுதினார்கள். ஆசிரியர் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெயர் பிரணவன் குமாரவடிவேல். அதைத் தங்கை மகளுக்குக் காட்டினேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

இதற்குக் கிராஃபீன் மாசின்றி இருக்கவேண்டும். தொடக்ககாலத்தில் சிலிக்கான் ஆக்சைடு மேல் கிராஃபீனை வைத்தபோது, அடியில் இருந்த மாசுகள் இங்கே எலக்ட்ரான் குட்டை, அங்கே துளைக் குட்டை என்று பரப்பையே திட்டுத்திட்டாக்கிவிட்டன. போரான் நைட்ரைடை விரிப்பாகவும் போர்வையாகவும் வைத்த பிறகே நகர்திறன் இந்த உயரத்துக்கு வந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. கிராஃபீனுக்கு அடியில் ஒரு மின்வாய் வைத்து அழுத்தத்தைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் பெருகித் துளைகள் குறையும். உடனே ஓரத்தில் எதிர்த்தள்ளல் திரும்பிவிடும். மின்தடை ஏற்றமும் அடங்கும். குமிழைத் திருகுவது போல இந்த விளைவைத் திருப்பலாம், நிறுத்தலாம். வேறு பொருளில் இது அவ்வளவு எளிதல்ல.

புலம் இன்னும் வலுவாகி, கிராஃபீனும் குளிர்ந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. எலக்ட்ரான்கள் முழு வட்டமடிக்கத் தொடங்கும். நடுப்பகுதி உறைந்தாற்போல் நிற்க, ஓட்டம் ஓரங்களில் மட்டும் தடங்கலே இன்றி நடக்கும். நீளவாட்டில் மின்தடை சுழியம். குறுக்கே உள்ள ஹால் மின்தடையோ படிப்படியாக, இயற்கையின் மாறிலிகளால் மட்டுமே தீர்மானிக்கப்பட்ட எண்களில் நிற்கும். 1980-இல் கிளவுஸ் ஃபான் கிளிட்சிங் சிலிக்கானில் கண்ட விளைவு இது. அதன் அடிப்படை எண் 25,812.807 ஓம். கிராஃபீனில் 2005-இல் கண்டார்கள். அதன் முதல் படி இந்த எண்ணில் சரிபாதி. 2007-இல், மிக வலுவான புலத்தில், அறை வெப்பநிலையிலேயே கிடைத்தது. உலகின் அளவியல் ஆய்வகங்கள் ஓம் என்ற அலகை நிலைநிறுத்த இந்த விளைவையே நம்புகின்றன. பழைய பொருள்களைவிடக் குறைந்த புலத்தில் கிராஃபீன் இதைத் தருவதால் அதற்கு அங்கே மதிப்பு கூடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டின் அளவைத் தரங்களைப் பேணும் நிலையம் சிப்பாங் பக்கம் சாலாக் திங்கியில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கிற பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே அழைத்துப்போகவேண்டும் என்று எனக்கு ஆசை.

மலேசியா கிராஃபீனைக் கவனிக்காமல் இல்லை. 2014-இல் தேசிய கிராஃபீன் செயல்திட்டம் வந்தது. ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் கலப்பது, பேட்டரி, மின்கடத்தும் மை, குளிர்விக்கும் திரவங்கள் என்று பயன்பாடுகளைக் குறித்துக்கொண்டது. ரப்பர் நாடு அதைத் தேர்ந்ததில் நியாயம் இருக்கிறது. அதெல்லாம் கிராஃபீனைத் தூளாக, கிலோக் கணக்கில் பயன்படுத்தும் தொழில். காந்தத்துக்கு மின்தடை மாறும் கிராஃபீன் வேண்டுமென்றால் பழுதற்ற ஒற்றைத் தாளும், போரான் நைட்ரைடு விரிப்பும், அதைக் கையாளப் பழகிய கைகளும் வேண்டும். பாங்கி தேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்மின்னணுவுக்கென்றே ஒரு கழகம் உண்டு, புக்கிட் ஜாலிலில் மிமோஸ் ஆய்வு நிறுவனம் உண்டு. அந்தக் கைகள் இங்கேயும் உருவாக முடியும் என்று நான் நம்புகிறேன்.

பூமியின் காந்தத்தை இதால் உணர முடியுமா என்று கேட்டாள். கோலாலம்பூரில் பூமியின் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. கிராஃபீனின் நகர்திறனான 10-ஆல் பெருக்கினால் 0.0004. செம்புக்கு வந்த அதே எண். ஏற்றம் 10 கோடியில் 16 பங்கு. அதுவும் முழுதாகக் கிடைக்காது. கிராஃபீன் தாளுக்குச் செங்குத்தாக வரும் புலம்தான் இந்த வேலையைச் செய்யும். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்கு அருகில். பூமியின் புலக்கோடுகள் இங்கே தரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. மேசைமேல் படுக்கவைத்த கிராஃபீனைப் பெரும்பாலும் தொடாமலேயே வழுக்கிப் போய்விடும். இந்த நடுக்கோடு தென்னிந்தியாவில் திருவனந்தபுரம் பக்கமாகவும் போகிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவ அங்குள்ள தும்பாவைத் தேர்ந்ததே அதனால்தான். சிறு புலங்களை அளக்க, வர்க்கமாக ஏறும் விளைவைவிட நேர்விகிதத்தில் ஏறும் ஹால் மின்னழுத்தமே கைகொடுக்கும்.

அப்படியொரு உணரி அவள் கையிலேயே இருந்தது. கைப்பேசியில் திசைகாட்டி வேலை செய்வது ஹால் விளைவாலோ, காந்தத்தால் மின்தடை மாறும் விளைவாலோ இயங்கும் ஒரு துளி சில்லால். புலத்தை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றை இறக்கினோம். மேசையில் வைத்ததும் 40-ஐ ஒட்டி ஆடியது. ஸ்பீக்கர் காந்தத்தை ஒரேயடியாகக் கிட்டே கொண்டுபோகவேண்டாம், கைப்பேசி கெட்டுவிடும் என்று தடுத்து, அரை மீட்டரில் தொடங்கச் சொன்னேன். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 5 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டராக நகர்த்தினாள். எண் முதலில் தயங்கியது, பிறகு எகிறத் தொடங்கியது. ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளத் தாள் தேடி, காலையில் நாங்கள் பென்சில் தேய்த்த தாளையே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.